பேங்கில் பெருக்கிய பணம்

கார்த்தி,

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அம்மா படித்துவிட்டாள் என்று நீலக் கோடு உனக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். படித்தவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வைட்ஃபீல்டில் உனக்கு இருப்புக் கொள்ளாது. இங்கே ஆஸ்டின் டவுனில் எனக்கும் அப்படித்தான். இன்று வியாழன். காலையிலிருந்து மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறை எழுந்தேன். ஒரு முறை பால் பொங்கியதா என்று பார்க்க. பால் அடுப்பிலேயே வைக்கவில்லை. ஒரு முறை மாடியில் துணி நனைகிறதா என்று பார்க்க, மழையே இல்லை. இன்னொரு முறை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். போனில் தட்டினால் நாலு வரியில் முடித்துவிடுவேன், அது கோபமாகவும் போய்விடும். அதனால் போன வருஷம் பேங்கில் கொடுத்த டைரியில் தேதியைப் பார்க்காமல் எழுதுகிறேன். நாளைக்கே கொரியரில் போட்டுவிடுவேன். வேறு யார் கண்ணில் பட்டாலும் படட்டும், இதில் மறைக்கிற மாதிரி இனி ஒன்றும் இல்லை.

நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். "அம்மா, மண்டேக்குள்ள உன் செட்டில்மென்ட் அமவுண்டை எனக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிடு. ஆறு மாசத்துல டபுள் பண்ணித் தரேன். டென்ஷன் ஆகாத." மூன்று வாக்கியம். அந்த நடு வாக்கியத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் ரிட்டயர் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. இருபத்தேழு வருஷ வேலைக்கு வந்த பணம். ஆவணியில் உனக்குக் கல்யாணம். பணம் போய்விடுமே என்கிற பயம் இல்லாமல் இல்லை, இருக்கிறது. ஆனால் அந்த 'டபுள்' என்கிற வார்த்தையை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதுதான் என்னை வீட்டுக்குள் இப்படி நடக்க வைக்கிறது. சொல்லிக்கொடுத்தது நான்தான்.

சின்ன வயதில் பணத்தைப் பற்றி நீ பேசாத பேச்சில்லை. பெங்களூரிலேயே பெரிய பணக்காரன் பஸ் கண்டக்டர்தான் என்பாய். ஏறுகிற எல்லாரும் அவர் கையில்தானே கொடுக்கிறார்கள். கடைக்குப் போனால் பணம் அதிகமாகும் என்று ஒரு கண்டுபிடிப்பு. "ஒரு நோட்டு குடுத்தா அவரு ரெண்டு நோட்டு, நாலு காசு திருப்பிக் குடுக்கிறாரும்மா. மேல பிஸ்கெட்டும் குடுக்கிறாரு. நீ ஏன் தெனமும் கடைக்குப் போக மாட்டேங்குற?" என்று கேட்டாய். ஒரு நாள் நானும் உன் அப்பாவும் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு, மினிமம் பேலன்ஸ் இல்லாவிட்டால் காசு பிடித்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் நீ பீரோ பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறாய். "என்னடா பண்ற?" என்றேன். "பேலன்ஸ் பண்றேன்மா. உன்னால முடியலன்னா நான் கொஞ்ச நேரம் நிக்கிறேன்" என்றாய். உன் அப்பா ஆட்டோவை எடுக்கப் போகும்போதுகூட சிரித்துக்கொண்டே போனார்.

அதைவிட, மூலைக் கடைக்காரரிடம் நீ பேசிய கன்னடம் ஞாபகம் இருக்கிறதா? நம் பால் அவர்களுக்கு ஹாலு, நம் பத்து அவர்களுக்கு ஹத்து, நம் பணம் அவர்களுக்கு ஹண. இதையெல்லாம் நீயாகவே கவனித்து, 'ப' வந்தால் 'ஹ' போட்டால் கன்னடம் என்று முடிவு கட்டிவிட்டாய். அவரிடம் போய் "ஹத்து ரூபாய்கெ ஹிஸ்கெட் கொடி" என்றாய். அந்த மனிதர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் நீ எட்டாவது போகும்வரைக்கும் உன்னை அவர் "ஏனு ஹிஸ்கெட்", அதாவது என்ன ஹிஸ்கெட், என்றுதான் கூப்பிட்டார். உனக்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஊரையே கட்டிவிடுவாய். உன் புத்தி அப்படி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு நான் செய்தது.

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு உன்னை அனுப்பினேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு நம் எழுத்தாவது தெரியட்டுமே என்று. அங்கே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் சொல்லிக்கொடுத்தார்கள். அதே வாரத்தில் நான் உன் அப்பாவிடம், "மேனேஜர் வர்றதுக்குள்ள பேங்க் பூரா பெருக்கி முடிச்சிடணும், சீக்கிரம் கொண்டுபோய் வுடு" என்று அவசரப்படுத்தியது உன் காதில் விழுந்திருக்கிறது. பேங்கில் என்ன இருக்கும்? பணம் இருக்கும். அம்மா அங்கே போய் என்ன செய்கிறாள்? பெருக்குகிறாள். உனக்கு எட்டு வயது. உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. உன் அப்பா ஊர்ப் பக்கத்தில் சொல்கிற மாதிரி 'கூட்டுறேன்' என்று சொல்லித் தொலைத்திருந்தால் நீ கூட்டலோடு நின்றிருப்பாய், எனக்கும் செலவு கொஞ்சம் குறைந்திருக்கும்.

பொங்கலுக்கு உன் மாமா கொடுத்த பத்து ரூபாயை மடித்து என் கையில் வைத்தாய். "பேங்குக்கு எடுத்துட்டுப் போய் பெருக்கிட்டு வாம்மா" என்றாய். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அந்த நிமிஷமே உன்னை மடியில் உட்காரவைத்து, "டேய், நான் துடைப்பம் புடிச்சு பெருக்குறேன்டா" என்று சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய். அரை நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து இருபது ரூபாய் கொடுத்தேன். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னை அப்படி யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்லை, கார்த்தி. பேங்கில் என்னைத் தாண்டிப் போகிறவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு போவார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நீ பார்த்த பார்வைக்காக அந்த இருபதை அடுத்த மாதம் நாற்பதாக்கினேன். நாற்பதை எண்பதாக்கின மாதம் பத்து நாள் பஸ்ஸில் போகாமல் நடந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "இப்ப பேங்க்ல பெருக்குறதை நிறுத்தி வச்சிருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தேன். நீ விடவில்லை. "நான் மேனேஜர் கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டாய்.

அப்போது நாம் இந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "பேங்க்ல" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு போவேன். பேங்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன ரூமில் பழைய புடவைக்கு மாறிவிடுவேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்குவதற்கு நம் வீட்டில் நான்தான் முதல் ஆள்.

அந்தச் சனிக்கிழமை நீ ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தாய். உள்ளே தெருப் பிள்ளைகள் ஏழு பேருடைய பணம். யாருடையது எவ்வளவு என்று நோட்டில் கிழித்த காகிதத்தில் பெயர் போட்டுச் சுற்றிவைத்திருந்தாய். எல்லாருக்கும் ஒரு மாதத்தில் டபுள் என்று வாக்கு கொடுத்திருந்தாய். அதில் பக்கத்து வீட்டு ஷீலா கொண்டுவந்த நூறு ரூபாய் அவள் அம்மா டப்பாவிலிருந்து எடுத்தது. நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அவள் அம்மா கமலாக்கா வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"என்னாக்கா, உங்க பையன் பேங்க் நடத்துறானாமே?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை, பாதிச் சிரிப்புதான். "நீங்கதான் துட்டைப் பெருக்கித் தர்றீங்களாம். நெஜமா?"

அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. 'பெருக்குவது என்றால் அந்தப் பெருக்குவது இல்லை, இந்தப் பெருக்குவது' என்று நாலு பொம்பளைகள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் சிரித்திருப்பார்கள், ஒரு வாரம் தெருவில் அதே பேச்சாக இருந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். நான் இன்னொரு வழியில் போனேன். திரும்பி உன்னை அறைந்தேன். "பொய் சொல்றான்க்கா. எங்கிருந்துதான் இந்தப் புத்தி வந்துச்சோ" என்றேன்.

நீ அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீதானே குடுத்த?" என்று கேட்டாய்.

அதற்கு இரண்டாவது அறை. அந்த இரண்டாவதுதான், கார்த்தி. முதலாவது பயத்தில் விழுந்தது. இரண்டாவது, நீ உண்மை சொன்னதற்கு விழுந்தது. அப்புறம் ஏழு வீட்டுக்கும் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வாசலிலும் பணத்தைக் கொடுக்க வைத்து, "பொய் சொன்னேன், மன்னிச்சிடுங்க ஆன்ட்டி" என்று சொல்லவைத்தேன். ஏழு தடவை. சாயங்காலம் உன் அப்பா வந்ததும், "புள்ளயை எதுக்குடி அடிச்ச?" என்றுதான் கேட்டார். அவரிடமும் பாதிதான் சொன்னேன். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் மீதியைச் சொல்லவில்லை. தெருப் பிள்ளைகள் உனக்கு 'டபுள்' என்று பெயர் வைத்தார்கள். உன் உயரத்துக்கு வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பணத்தைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. கண்டக்டர் பேச்சு இல்லை, கடைக்காரர் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் டூருக்குப் பணம் கேட்டால்கூட வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டாய். எல்லாரும் போய்விட்டு வந்த பிறகு எனக்குத் தெரியும். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். பத்தாவது ஃபாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'பேங்க்' என்று மட்டும் எழுதியிருந்தாய். கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். உனக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், ஒன்றும் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டோம்.

இப்போது பெண் வீட்டாரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாய். "அம்மா பேங்க்ல இருந்தாங்க." பூ வைக்கப் போன அன்று திவ்யாவின் அம்மா என்னிடம், "எந்த செக்ஷன்ல இருந்தீங்க?" என்று கேட்டார். "எல்லா செக்ஷன்லயும்" என்றேன். நீ சட்டென்று தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது, அது உண்மைதானே. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

இரு, குக்கர் கத்துகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டி நாலு மாதமாக சர்வீஸில் இருக்கிறது. எந்த மெக்கானிக் நாலு மாதம் ஒரு வண்டியைச் சர்வீஸ் செய்கிறான்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறவன் மாதத்துக்கு ஒரு தரம் வருகிறாய், வந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அரை வயிறு சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கால் என்று ஓடுகிறாய். போன வாரம் நீ போனை எடுக்காதபோது உன் ரூம்மேட்டைக் கூப்பிட்டேன். அவனைத் திட்டாதே. நான் கேட்ட கேட்டுக்குக் கல்லே பேசியிருக்கும். "ஆன்ட்டி, அவன் டிரேடிங்ல நெறைய விட்டுட்டான். வண்டியை வித்துட்டான். மேல லோனும் போட்டிருக்கான். திவ்யாவுக்கும் தெரியாது. உங்ககிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கினான்" என்றான். எவ்வளவு என்று அவன் சொல்ல வந்தான், நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு அந்த நம்பர் அவனிடமிருந்து வேண்டாம்.

ஆக, நீ என் பணத்தைக் கேட்பது பெருக்குவதற்கு இல்லை. போனதை மூடுவதற்கு. ஆவணிக்குள் எல்லாம் சரியாகிவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறாய். அந்த நினைப்பு எனக்குப் புதிது இல்லை. பத்து நாள் வெயிலில் நடந்து எண்பது ரூபாய் சேர்த்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் போதும் என்றுதான் ஒவ்வொரு தரமும் தோன்றும். உண்மை சொன்னால் என்ன கிடைக்கும் என்று உனக்கு எட்டு வயதில் நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன். நீ நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஆச்சரியப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அதனால் முதலில் என் பங்கைச் செய்தேன். நேற்று மத்தியானம் பஸ் பிடித்து அல்சூரில் திவ்யா வீட்டுக்குப் போனேன். திவ்யா ஆபீசில் இருந்தாள். அவள் அம்மா மட்டும்தான் வீட்டில். "நான் பேங்க்ல பெருக்குற வேலை பார்த்தேன் சம்பந்தி. கடைசி வரைக்கும் அதான். ஆபீசர் இல்ல, கிளார்க் இல்ல" என்றேன். அந்த அம்மாள் டிவியை அணைத்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். "சொல்லியிருக்கணும்" என்றேன். "வேலையில என்னா இருக்கு? எங்க வீட்டுக்காரரும் லாரி ஷெட்ல ஆரம்பிச்சவருதான். ஆனா மறைச்சீங்களே, அதான் ஒரு மாதிரி இருக்கு" என்றார். நியாயம்தான். காபி கொடுத்தார், குடித்தேன். சந்தோஷமாக வழியனுப்பினார் என்று சொல்ல மாட்டேன். கதவு வரைக்கும் வந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார். உன்னைக் கேட்காமல் நான் இதைச் செய்தது உனக்கு ஆத்திரமாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் அது என் பொய், அதை எடுக்க நான் உன்னைக் கேட்க வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது கமலாக்கா வீட்டுக் கதவையும் தட்டினேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அன்றைக்கு என் பிள்ளை பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று இரண்டு முறை கத்திச் சொன்னேன். எந்த அன்றைக்கு என்று கேட்டார். அவருக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷமாக நான் மட்டும் சுமந்துகொண்டு திரிந்ததை நினைத்து அழுகையா, உனக்கு அது ஞாபகம் இருக்குமே என்று நினைத்து அழுகையா, தெரியவில்லை. நீ பொய் சொல்லவில்லை, கார்த்தி. நான் கொடுத்ததைத்தான் நான் கொடுத்தேன் என்று சொன்னாய். அதற்குப் போய் உன்னை அடித்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை வாயால் சொல்ல எனக்கு வராது என்றுதான் இவ்வளவு தாள் வீணாகிறது.

திங்கட்கிழமை பணம் வராது. ஒரு ரூபாய்கூட உன் போனில் இருக்கிற அந்த டிரேடிங் ஆப்புக்குள் போகாது. டபுளாகும் என்று கடவுளே வந்து சொன்னாலும் போகாது. லோன் எவ்வளவு என்று நீ என் எதிரில் உட்கார்ந்து சொன்னால், அதை எப்படி அடைப்பது என்று இரண்டு பேரும் யோசிக்கலாம். அதற்குக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னால் திவ்யாவிடம் போ. அவளிடம் உன் கதையை நான் சொல்லவில்லை, அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை. அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நல்ல பெண்தான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதற்குப் பயந்து மறைத்துக் கட்டிக்கொண்டால், அப்புறம் வாழ்நாள் பூராவும் அவள் போனைப் பார்க்கும்போதெல்லாம் நீ தண்ணீர் டம்ளரைத் தேட வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில்தான் இருப்பாள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் வண்டியிலிருந்து ஆரம்பி. வித்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், மீதியை அவளே கேட்பாள். அந்த முதல் வார்த்தை சட்டென்று வராது, அதற்காகத் திரும்பி வந்துவிடாதே. நேற்று நான் அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் டிராஃபிக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அம்மா